தேராவில் நாற்பது சக்களத்திகள்

துபாய் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக என் வீட்டுக்காரர் வரவில்லை. அதுவரை நான் பார்த்தேயிராத மூன்று ஆண்கள் வந்திருந்தார்கள். தள்ளுவண்டியோடு வெளியே வந்து திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். மூவரும் ஒரே நேரத்தில் "மைனி!" என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். ஒருவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார். மூன்றாமவர் ஃபோனில், "அண்ணே, மைனி வந்துட்டாவ. நல்லா இருக்காவ. பச்சை சேலை" என்று தகவல் சொன்னார். நான் என்ன சேலை கட்டியிருக்கிறேன் என்று என் கணவருக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்வது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

என் வீட்டுக்காரர் மிக்கேல் ஏசி மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் நடந்திருந்தது. எங்கள் ஊர் தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கடற்கரையில் இருக்கிறது. ஆண்களில் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் வளைகுடாவில். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், போவார். அவர் இருக்கும் ஊரை நான் பார்த்ததே இல்லை. ஒரு மாதமாவது என் கையால் பொங்கிப்போட்டு, என் தோளைப் பிடித்து அவரை நடக்க வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

துபாயின் பழைய பகுதியான தேராவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. கீழே ஒரு சீன நூடுல்ஸ் கடை, அதை ஒட்டி ஒரு அத்தர் கடை. தெருவெல்லாம் ஏலக்காயும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. நாங்கள் தனியாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த அறையில் இருந்த நான்கு பேர் தங்கள் கட்டில்களை விட்டுவிட்டு வேறு ரூமுக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்திருந்தார். மெலிந்திருந்தார். நான் கிட்டே போவதற்குள், விமான நிலையத்தில் ஃபோன் பேசினவர், ரூபன் என்று பெயர், முந்திப் போய் அவர் காலைத் தூக்கித் தலையணையைச் சரியாகச் செருகினார். எந்த இடத்தில் வைத்தால் வலிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து கருவாடு, மாசி, கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "இதெல்லாம் இங்கயே கெடைக்கும் மைனி. என்னத்துக்குச் சுமந்துக்கிட்டு வந்திய?" என்றார் ரூபன். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே இடமில்லை. சீலாமீன் குழம்பு, நண்டு, அவியல், யாரோ கொடுத்தனுப்பிய பாயசம். ஆள் மாற்றி ஆள் முறை வைத்துச் சமைத்து அனுப்புகிறார்களாம். அன்று மத்தியானம் ரூபன் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டோம். இவர் கையை நக்கிக்கொண்டே, "பிலோமி, வருத்தப்படாத. ஒன் கொழம்பைவிட இது ஒரு பங்கு கூட" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வரத்தொடங்கினார்கள். டியூட்டிக்குப் போகிறவர்கள் போகிற வழியில், முடித்தவர்கள் வருகிற வழியில். எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். ஊரில் இவர்களுடைய மனைவிமாரையும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். பாதிப் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். இவர்களைத்தான் தெரியாது. ஒருவர் தன் தங்கை மாப்பிள்ளையைப் பற்றி யோசனை கேட்டார். ஒருவர் ஒன்றும் கேட்காமல் கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். இவர் ஒவ்வொருவரிடமும் பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட என்னிடம் ஃபோனில் பேசியதில்லை.

"மைனிக்கு நம்ம சங்கத்தப் பத்தித் தெரியாதுல்லா?" என்று ஆரம்பித்தார் ததேயு. இவரைவிட நாலைந்து வயது இளையவர், சங்கத்தின் தலைவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. "மொதல்ல நாங்க ஏழெட்டுப் பேருதான். ஒரே ரூமு. அதுல ஒருத்தன் தூக்கத்துலயே போய்ச் சேந்துட்டான். எந்த ஆபீசுக்குப் போவணும், எவன் கையெழுத்துப் போடணும், ஒண்ணும் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுங்கான். போலீசுக்குப் போனா கஃபீலுங்கான். விசா குடுத்த அந்த மொதலாளி ஊர்லயே இல்ல. வாரக்கணக்கா அவன் ஐசுல கெடந்தான். அவன அனுப்பிட்டு வந்த அன்னைக்குத்தான் மிக்கேல் அண்ணன் சொன்னாவ, இனி நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் இப்பிடிக் கெடக்கக் கூடாதுன்னு."

அன்றிலிருந்துதான் சங்கம். பலகை கிடையாது, ஆபீஸ் கிடையாது. அந்த நாட்டில் அனுமதியில்லாமல் சங்கம் வைக்கக் கூடாது என்பதால், சங்கம் என்று வெளியே சொல்வதும் கிடையாது. பூங்காவில் கூடினால் பிக்னிக் என்பார்கள். புதிதாக வருகிறவனுக்கு வேலை கிடைக்கும்வரை ஒரு கட்டில். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் லீவு நாளில் உட்காரவைத்துப் பேசி, கைகுலுக்க வைத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தால் முறை வைத்துத் துணைக்கு இருப்பார்கள். ஒரேயடியாக ஊருக்குப் போகிறவன் இந்த அறையில் வந்து எல்லாரோடும் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ஆரம்பத்திலிருந்து செயலாளர் என் வீட்டுக்காரர். இப்போது நாற்பது பேருக்கு மேல்.

இதெல்லாம் நல்ல காரியம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் மகள் பிறந்தபோது இவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் அம்மா இறந்தபோதும் கிடைக்கவில்லை. அந்த வருஷமெல்லாம் இவர் யார் யார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் என்று ததேயு பெருமையாகச் சொல்லச் சொல்ல, எனக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்திற்று.

அந்த வாரம் பிசியோதெரபிக்கு மெட்ரோவில் போனோம். பெண்களுக்குத் தனிப் பெட்டி என்று எழுதியிருந்ததைப் பார்த்து நான் அதில் ஏறினேன். இவர் ஊன்றுகோலோடு பக்கத்துப் பெட்டிக்குப் போனார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், பிளாட்பாரத்தில் யாரோ ஊர்க்காரரைக் கண்டுவிட்டு வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். கதவு மூடிக்கொண்டது. ரயில் கிளம்பிவிட்டது. இவர் வெளியே, நான் உள்ளே. எங்கே இறங்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த பிலிப்பைன்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடைசி ஸ்டேஷன்வரை போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து வந்தது இவரில்லை, ரூபன். சைட்டில் பெர்மிஷன் சொல்லிவிட்டு ஓடிவந்தாராம். "அண்ணன் ஃபோன் பண்ணுனாவ. யல்லா, வாங்க மைனி" என்றார். நல்ல மனுஷன்தான். அந்த நேரத்தில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை.

அறையில் எனக்கு வேலையில்லாததால் கீழே இறங்கி நூடுல்ஸ் கடைப் பக்கம் போய் நிற்கத் தொடங்கினேன். கடைக்காரப் பெண்ணின் பெயர் லின். என் வயது இருக்கும். மாவை வட்டமாகத் தட்டி, உள்ளே கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நம் கொழுக்கட்டைதான், உள்ளே மட்டும் தேங்காய்க்குப் பதில் கறி. நானும் கை கழுவிவிட்டு உட்கார்ந்து மடித்தேன். நான் மடித்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம். அதனால் பேச்சு தடையில்லாமல் போயிற்று.

"மேலே கால் உடைந்தவர் உன் கணவரா? எந்நேரமும் ஆள் ஏறி இறங்குகிறார்களே, அரசியல்வாதியா?" என்றாள்.

"ஊர்ச் சங்கத்துச் செயலாளர்."

அவள் மாவுக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "என் கணவரும் சங்கம்தான். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சங்கம். அவருக்கு எல்லார் பிறந்தநாளும் மனப்பாடம், என் பிறந்தநாளைத் தவிர."

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவள் ஊர் தென்சீனக் கடலோரம். அங்கேயும் எங்கள் ஊர் கதைதான். முன்னொரு காலத்தில் ஊர் ஆண்களெல்லாம் அமெரிக்காவுக்குப் போனார்கள், முதலில் தங்கம் தோண்ட, பிறகு ரயில் பாதை போட. அவளுடைய பாட்டனாரின் அப்பாவும் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனவர். கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றதும், கீழே ஒவ்வொரு மாவட்டத்துச் சங்கத்து ஆளும் தன் தன் பேச்சில் கூவிக் கூப்பிடுவானாம். தன் ஊர்ப் பேச்சு எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியது. சங்கத்துக் கட்டடத்தில் படுக்கை, சோறு, பிறகு வேலை. சண்டையைத் தீர்ப்பது சங்கம். நோய் வந்தால் பார்ப்பது சங்கம். சங்கம் சம்மதிக்காமல் யாரும் ஊருக்குக் கப்பல் ஏறக்கூட முடியாதாம். மாவட்டத்துக்கு மாவட்டம் அடித்துக்கொள்வார்களாம். ஆனால் சீனர்களை உள்ளே விடக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தபோது, எல்லாச் சங்கமும் ஒன்றாகச் சேர்ந்து வக்கீல் வைத்து வழக்காடின என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

"அங்கேயே செத்துப்போனால்?" என்று கேட்டேன்.

"புதைப்பார்கள். சில வருஷம் கழித்துச் சங்கத்து ஆட்கள் தோண்டி எடுத்து, எலும்பைச் சுத்தம் செய்து, தகரப் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். யாரும் அன்னிய மண்ணில் கிடக்கக்கூடாது என்று."

ததேயு சொன்னது அப்படியே என் காதில் ஒலித்தது.

அவளுடைய பூட்டனார் கல்யாணம் முடிந்து போனவர். நடுவில் இரண்டு தடவை வந்தார். பிறகு பெட்டிதான் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் மரியாதையோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார்களாம். பூட்டி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "கறியை நீங்க வச்சுக்கிட்டு எலும்பை எனக்கு அனுப்பியிருக்கீங்க."

லின் சிரித்தாள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லிச் சிரிப்போம் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலே வந்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. ததேயுவின் குரல் கேட்டது: "கம்பெனி கலாஸ் பண்ணுனா பண்ணிட்டுப் போறான் அண்ணே. வேற விசா பாத்துக்கிடலாம். இன்னும் ரெண்டு வருஷம் இருங்க. ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

"பாப்போம்" என்றார் இவர்.

இவருடைய "பாப்போம்" எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார். "பாப்போம்" என்றால் சரி என்று அர்த்தம். இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கம்பெனி கணக்கு முடிக்கப்போகிறது, கடைசியில் இவர் வீடு வந்து சேரப்போகிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பெனி கணக்கு முடிப்பதை இவர்தான் ஃபோனில் என்னிடம் சொன்னார். வேறு விசா விஷயத்தைச் சொல்லவில்லை.

ததேயு போனதும் கதவைச் சாத்தினேன். "ரெண்டு வருஷமா?" என்று கேட்டேன்.

இவர் மறைக்கவில்லை. "அங்க வந்து நான் என்ன செய்வேன் பிலோமி? லீவுக்கு வந்தா நாலாம் நாளே எப்ப கெளம்புதியன்னு கேக்காங்க. நம்ம வீட்டுல சீனி எந்த டப்பாவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இங்க நான் கூப்பிட்டா நாப்பது பேரு வருவான்."

"அங்க ஒருத்தி கூப்பிடாமலே இருபத்திரண்டு வருஷமா நிக்கேன்."

"அதுக்குச் சொல்லல..."

"வேற எதுக்கு?" அதுவரை நான் அந்த மனுஷனிடம் குரல் உயர்த்தினதில்லை. லீவில் வருகிற முப்பது நாளில் யார் சண்டை போடுவார்கள்? அன்று உயர்த்தினேன். "ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் பெட்டி வாறதுக்கு முன்னால ஃபோன் பண்ணி, பிலோமி, அந்த வீட்டுக்குக் கொஞ்சம் போயிட்டு வான்னு சொன்னது யாரு? போனது யாரு? இங்க நீங்க பேப்பரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிய, சரி. அங்க போயி ஒரு பொம்பளகிட்ட ஒன் புருஷன் செத்துட்டாருன்னு சொல்லுததுக்கு எந்தச் சங்கம் எனக்குத் தொணைக்கு வந்துச்சு?"

பிறகு லின் சொன்ன கதையைச் சொன்னேன். துறைமுகம், கூவல், கட்டடம் என்று ஆரம்பத்தில் இவர் ஆர்வமாகத்தான் கேட்டார். "நம்மள மாதிரியேல்லா இருந்துருக்காங்க" என்று சிரிக்கக்கூடச் செய்தார். பூட்டி சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டுப் போட்ட முழங்காலைக் கையால் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிக்னிக். கடலோரப் பூங்காவில் பாய் விரித்து, பிரியாணி அண்டாவை இறக்கி, நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் என்று நான் ஒருத்திதான். ஜெபம் முடிந்ததும் ததேயு எழுந்து, மிக்கேல் அண்ணன் இன்னும் இரண்டு வருஷம் நம்மோடு இருப்பார் என்றார். கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"தட்டாதிய. நான் போறேன். கிறிஸ்மஸுக்கு முன்னால வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். "இன்னொண்ணும் சொல்லணும். நம்ம சங்கத்துல இதுவரைக்கும் அஞ்சு பேரப் பெட்டியில ஊருக்கு அனுப்பியிருக்கோம். அனுப்புனது நாமன்னு பேசிக்கிடுதோம். ஒவ்வொரு தடவையும் நான் மொதல்ல ஃபோன் பண்ணுனது ஒங்க மைனிக்கு. அஞ்சு வீட்டுக்கும் போயிச் சொன்னது இவதான். இத நான் ஒங்ககிட்டச் சொன்னதில்ல. இவளுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல."

ரூபன் எழுந்து என் பக்கம் வந்தார். விமான நிலையத்துக்கு வந்தவர், தலையணை வைத்தவர், மீன்குழம்பு வைத்தவர். "எங்க அண்ணன் போனப்ப எங்கம்மாகூட மூணு நாள் இருந்த டீச்சர் நீங்கதானா மைனி? அம்மா ஒங்க பேரு சொல்லத் தெரியாம டீச்சர், டீச்சர்னே சொல்லும். எந்த டீச்சர்னு நான் கேக்கவே இல்ல" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாயை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருடைய பிள்ளைதான் ரூபன் என்று எனக்கும் தெரியாமல் போயிற்று. அவர் மேல் வைத்திருந்த வெறுப்பை எங்கே கொண்டு போட என்று தெரியவில்லை. "ஒங்க கொழம்புல புளி கொஞ்சம் கூட" என்று மட்டும் சொன்னேன். ரூபன் அழுதுகொண்டே சிரித்தார். அன்றே அவரைப் புதிய செயலாளர் ஆக்கினார்கள்.

சாப்பிட்டு முடித்தபின் பாட்டும் பந்தாட்டமும் நடந்தது. நான் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் பொறாமை தணியவில்லை. ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொள்வதையும், ஒருவன் தட்டிலிருந்து ஒருவன் எலும்பை எடுத்துக் கடிப்பதையும் பார்க்கப் பார்க்கக் கூடத்தான் செய்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவரைப் பங்குபோட்டுக்கொண்டதற்காக மட்டும் நான் இவர்கள் மேல் எரிச்சல்படவில்லை. இவர்களுக்கு ஒருவருக்கொருவர் ஆள் இருந்தது. ஊரில் இந்த நாற்பது பேரின் மனைவிமாரும் இருக்கிறோம். ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம், ஒரே தண்ணீர்க்குழாய். குழாயடியில் சண்டை போடத் தெரிகிறது. காய்ச்சலில் கிடந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கிடக்கிறோம்.

கிளம்புகிற நாள் லின்னிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் ஒருமுறை சான்பிரான்சிஸ்கோ போய் அந்தச் சங்கத்துக் கட்டடத்தைப் பார்த்தாளாம். மேல்மாடியில் சாமி, சுவர் முழுக்கப் பழைய தலைவர்களின் படம். "எல்லாம் ஆண்கள். என் பூட்டி மாதிரி ஒருத்தி படமும் இல்லை" என்றாள். ஒரு டப்பா நிறையக் கொழுக்கட்டை கொடுத்தாள். விமானத்தில் அதைத் தின்றுகொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் சொன்ன வாக்குப்படி கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் வந்து சேர்ந்தார். லேசாகச் சாய்ந்து நடக்கிறார். ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, நானும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. நான் ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு நேராக அடுத்த தெருவுக்குப் போனேன். ததேயுவின் மனைவி ஜெயராணி முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த துணியெல்லாம் மணலில் விழுந்தது.

"டீச்சர்... அவுகளுக்கு என்ன?" என்றாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருஷங்களில் நான் எந்தெந்த வீட்டுக் கேட்டைத் திறந்தேன், எதற்காகத் திறந்தேன் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அது தோன்றவில்லை. ஓடிப்போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"ஒண்ணுமில்ல, ஜெயராணி. ததேயு நல்லா இருக்காவ. நேத்துதான் பாத்துட்டு வாறேன். சும்மாதான் வந்தேன். ஒன்கூடப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு."

அவளுக்கு அது உள்ளே இறங்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு அழுதாள். அழுதுகொண்டே என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"சும்மா வாறவிய, முன்னாலயே ஒரு தடவ வந்துருக்கக் கூடாதா?"